எலி அழுத்திய விசையும் எங்கள் விளையாட்டு வேளையும்

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவியராகிய நாங்கள் இந்த ஆண்டு மலருக்காக எடுத்துக்கொண்ட பொருள் மூளை. மூளையைப் பற்றி முழுவதும் எழுதுவதென்றால் இம்மலரின் பக்கங்கள் போதா. ஆகையால் அதன் ஒரு சிறு மூலையை மட்டும் பார்க்க எண்ணினோம். அந்த மூலையைத் தேடிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

இவ்வாண்டு அரையாண்டுத் தேர்வு நெருங்கியபோது எங்கள் கால அட்டவணையில் ஒரு சிறு மாற்றம் வந்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை எங்களுக்கு உடற்கல்வி. அதைக் கணிதம் எடுத்துக்கொண்டது. த்ரோபால் பந்து அலமாரிக்குள் போயிற்று. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் நன்மையைக் கருதியே அது நடந்தது என்பதை அறிவோம். வீடுகளிலும் இதே கதைதான். ஒருத்தி வீட்டில் தொலைக்காட்சிக்குத் துணி போர்த்தினார்கள். ஒருத்தி படம் வரையும் நோட்டை அத்தை வாங்கி வைத்துக்கொண்டார். "எல்லாம் பரீட்சை முடியட்டும்" என்பதே எல்லா வீட்டிலும் ஒரே பல்லவி.

எங்களுள் ஒருத்தியின் அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை செய்கிறார். இரவு ஷிப்டு முடிந்து அவர் வீடு திரும்பும்போது பொழுது விடிந்திருக்கும். அதற்குள் வாசல் தெளித்துக் கோலம் போட்டு வைப்பது அவளுடைய வழக்கம். அவர் கோலத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி வந்து, "இன்னிக்கு எத்தினி புள்ளிம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும் அவளுடைய ஆயா, "கோலத்த நான் பாத்துக்கிறேன், நீ அந்த அரமணி நேரம் படி" என்று சொல்லிவிட்டார். அரைமணி நேரம் மிச்சமானது உண்மை. ஆனால் சில வாரங்களில் அவள் எங்களிடம் சொன்னது இது: "முன்பு ஒரு மணி நேரத்தில் படித்ததை இப்போது இரண்டு மணி நேரமானாலும் படிக்க முடியவில்லை. கண் புத்தகத்தில் இருக்கிறது, மனம் இல்லை."

இதைச் சோம்பல் என்று சொல்லிவிடலாம். எங்களுக்கு அது சோம்பலாகத் தோன்றவில்லை. உயிரியல் ஆசிரியையிடம் கேட்டோம். அவர் விடை சொல்லவில்லை. சில ஆய்வுகளைச் சொல்லி, படித்து வரும்படி பணித்தார். அப்படிப் படித்ததையே இங்குத் தோழியருக்குத் தருகிறோம்.

முதலில் மன இறுக்கம். நம் ஊரில் இதற்கு வழங்கும் சொல் 'டென்ஷன்'. 1936-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் மான்ட்ரீல் நகரில், மக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர் எலிகளைக் கொண்டு ஓர் உண்மையைக் கண்டார். குளிர், காயம், நஞ்சு, மிகுந்த உழைப்பு என்று துன்பம் எவ்வகையினதாயினும், எலியின் உடல் ஏறக்குறைய ஒரே விதமாகப் பதில் சொல்லிற்று. அட்ரினல் சுரப்பி பருத்தது, இரைப்பையில் புண் கண்டது. இன்று நாம் பாடத்தில் படிக்கும் சங்கிலி இதன் தொடர்ச்சியே. மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி அட்ரினலைத் தூண்டுகிறது. அட்ரினல் கார்ட்டிசாலைச் சுரக்கிறது. இதைவிட விரைவான வழியில், நரம்பின் மூலமாகவே, அட்ரினலினும் வெளிப்படுகிறது.

இவையெல்லாம் கெட்டவை என்று எண்ணிவிடக் கூடாது. கவரைப்பேட்டையில் ரயில் நடைமேடைக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டுப் பையோடு ஓடுகிறோமே, அப்போது நம்மை ஓடவைப்பது இந்தச் சுரப்புகள்தாம். ரயில் ஏறி இரண்டு நிலையம் தாண்டுவதற்குள் மூச்சும் நாடியும் பழைய நிலைக்கு வந்துவிடுகின்றன. தொல்லை எங்கே வருகிறதென்றால், ரயில் போய்க்கொண்டே இருக்கிறது, நாம் ஓடிக்கொண்டே இருக்கிறோம் என்னும் நிலையில். காண்ட்ராக்ட் வேலை அடுத்த மாதம் உண்டா இல்லையா என்ற கவலையும், ஆண்டு முழுவதும் நீளும் தேர்வு அச்சமும் அத்தகையவை.

நீண்ட இறுக்கம் மூளையை என்ன செய்கிறது? இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த ஆய்வுகள் நடந்துள்ளன. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த சுமந்திர சட்டர்ஜியும் உடனுழைத்தவர்களும் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் ஒன்று. எலிகளை நாள்தோறும் 2 மணி நேரம் அசையவிடாமல் கட்டுப்படுத்தினார்கள். இப்படி 10 நாட்கள். பிறகு மூளையின் நரம்பணுக்களைப் பார்த்தார்கள். நரம்பணு ஒரு மரம்போலக் கிளைகள் உடையது. அக்கிளைகளை டென்ட்ரைட்டு என்கிறோம். நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் பகுதியில் இக்கிளைகள் குறுகியிருந்தன. அச்சத்துக்குரிய அமிக்டலா பகுதியில் அவை மேலும் படர்ந்திருந்தன! நினைவின் மரம் வாட, அச்சத்தின் மரம் தழைக்கிறது. 2004-இல் வெளியான அடுத்த ஆய்வு இன்னும் கலக்கமூட்டுவது. இறுக்கம் முடிந்து 21 நாட்கள் ஓய்வு தந்த பிறகு ஹிப்போகாம்பஸ் தேறியது; அமிக்டலாவில் படர்ந்த கிளைகள் படர்ந்தபடியே இருந்தன. கல்லூரி முடித்துவிட்ட அக்காமார்கள் இன்னும் கணிதப் பரீட்சையைக் கனவில் கண்டு விழித்துக்கொள்வதாகச் சொல்லும்போது இந்த எலிகள் எங்கள் நினைவுக்கு வருகின்றன. கனவுக்கு அதுதான் காரணம் என்று நாங்கள் துணிந்து சொல்லமாட்டோம்.

இனி, நாங்கள் தேடிப்போன அந்த மூலைக்கு வருவோம்.

அதே மக்கில் பல்கலைக்கழகத்தில், 1954-ஆம் ஆண்டில், ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்னும் இருவர் எலியின் மூளையில் மெல்லிய மின்முனையைச் செருகிச் சோதனை செய்துகொண்டிருந்தனர். வேறோர் இடத்தை நோக்கிச் செருகிய முனை, ஓர் எலிக்குச் சற்று விலகிப் போய்விட்டது. மேசையின் ஒரு மூலைக்கு அந்த எலி வரும்போது சிறிதளவு மின்சாரம் பாய்ச்சினார்கள். எலி ஓடவில்லை, அந்த மூலைக்கே திரும்பத் திரும்ப வந்தது! பிறகு ஒரு விசையை அமைத்து, அதை எலி தானே அழுத்தினால் மின்தூண்டல் கிடைக்குமாறு செய்தார்கள். பின்னர் நடந்த சோதனைகளில் சில எலிகள் ஒரு மணி நேரத்தில் 2,000 தடவைக்கு மேல் விசையை அழுத்தின. பசித்த எலிகள் பக்கத்தில் உணவு இருந்தும் விசையை விட்டு நகரவில்லை. மூளைக்குள் 'இது நல்லது, மறுபடியும் செய்' என்று சொல்லும் ஓர் அமைப்பு இருப்பது இப்படித்தான், ஒரு தவறிய குறியினால், தெரியவந்தது. இதனை வெகுமதி அமைப்பு என்று அழைக்கலாம்.

இதன் வேர் நடுமூளையில் இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்னும் பொருளைச் சுரந்து, மூளையின் உட்பகுதிக்கும் நெற்றிப் பகுதிக்கும் அனுப்புகின்றன. மனித மூளையில் உள்ள நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி. அவற்றுள் இவை சில லட்சங்களே. டோபமைன் தானே செய்தி கொண்டுசெல்லும் பொருள் என்பதை 1950-களின் இறுதியில் நிறுவிய சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

டோபமைன் என்றால் இன்பச் சுரப்பு என்று பலரும் சொல்கிறார்கள். நாங்களும் அப்படியே எண்ணியிருந்தோம். உண்மை அதைவிடச் சுவையானது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தபோது அவை துடித்தன. விளக்கு எரிந்தால் பழச்சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பின், அவை விளக்குக்கே துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வழக்கமான துடிப்பும் அடங்கிவிட்டது. இம்முடிவுகளை விளக்கும் புகழ்பெற்ற கட்டுரை 1997-இல் வெளிவந்தது.

சிப்காட் குடும்பங்களுக்கு இதை விளக்கக் குரங்கு வேண்டியதில்லை, தீபாவளி போனஸ் போதும். கம்பெனி முதல்முறை எதிர்பாராமல் போனஸ் கொடுத்த ஆண்டில் வீடே திருவிழா. மூன்றாம் ஆண்டில் அது வழக்கமாகிவிடும். கொடுத்ததற்காக யாரும் துள்ளிக் குதிப்பதில்லை. ஏதோ ஓர் ஆண்டு இல்லையென்றால், அன்று வீட்டில் அடுப்பெரிந்தும் யாருக்கும் சாப்பாடு இறங்காது. கையில் வந்ததைவிட, எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள வேற்றுமையையே டோபமைன் கணக்கெடுக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் இன்னொன்றையும் காட்டினார். டோபமைன் ஏறக்குறைய முழுவதும் இழந்த எலிகள்கூட, நாவில் இனிப்பு வைத்தால் சுவைத்து மகிழ்ந்தன. ஆனால் அந்த இனிப்பைத் தேடிப் போகும் முயற்சி அவற்றிடம் இல்லை. ஆசை வேறு, சுவை வேறு. எழுந்து போய்த் தேடவைக்கும் உந்துதலே டோபமைனின் வேலை.

இப்போது எங்கள் தோழியின் சொற்களை மறுபடியும் பாருங்கள். "கண் புத்தகத்தில், மனம் இல்லை." நீண்டநாள் இறுக்கம் இந்த உந்துதலையே மழுங்கச் செய்கிறது என்று விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். சிறு இறுக்கம் உந்துதலைக் கூட்டும். ஓயாத இறுக்கம் அதைத் தணிக்கும். பிடித்தது பிடிக்காமல் போவது அதன் அடையாளம்.

அப்படியாயின் எதிர்த்திசையிலும் பாதை உண்டா? வெகுமதி அமைப்பு இறுக்கத்தின் காயத்தை ஆற்றுமா? இதற்கான விடையும் பெங்களூரிலிருந்தே வந்தது என்பதில் எங்களுக்குப் பெருமை. நிம்ஹான்ஸ் என்று நாம் கேள்விப்பட்டிருக்கும் தேசிய மனநல, நரம்பறிவியல் நிறுவனத்தில் டி. தேசிராஜு, டி. ஆர். ராஜு, பி. எஸ். சங்கரநாராயண ராவ் ஆகியோர் 1993-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஓல்ட்ஸ், மில்னர் வழியில் தாமே விசையை அழுத்தித் தூண்டல் பெற்ற எலிகளுக்கு, ஹிப்போகாம்பஸில் நரம்பணுக் கிளைகள் பெருகியிருந்தன.

2008-ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தார் அடுத்த கேள்வியைக் கேட்டனர். எலிகளை நாளொன்றுக்கு 6 மணி நேரம் வீதம் 21 நாட்கள் அடைத்துவைத்தனர். ஹிப்போகாம்பஸில் கிளைகள் குறுகின. ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் அமைத்த பாதையில் வழியைக் கற்று நினைவில் வைக்கும் திறனும் குன்றியது. பிறகு அவற்றுள் ஒரு பிரிவுக்கு 10 நாட்கள் விசையை அழுத்தும் வாய்ப்பு. குறுகிய கிளைகள் மறுபடி வளர்ந்தன, நினைவும் மீண்டது. வகுப்பில் இதை வாசித்தபோது சில நொடிகள் யாரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "அப்ப நம்ம பந்து?" என்றாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

சிரித்தாலும், அவள் கேட்டது சரியான கேள்வி. ஆனால் விடையை அவசரப்பட்டு எழுதிவிட முடியாது. எலி வேறு, பெண்பிள்ளை வேறு. மூளையில் செருகிய மின்முனை வேறு, த்ரோபால் வேறு. விசையை அழுத்தி மகிழ்வது எல்லாம் மருந்தென்றால், கைப்பேசியைப் போன்ற மருந்து உலகில் இல்லை! விரலால் தள்ளத் தள்ள, அடுத்து என்ன வருமென்று தெரியாமல் ஏதோ ஒன்று வருகிறது. எதிர்பாராமைக்கே துடிக்கும் நரம்பணுக்களுக்கு இதைவிடப் பெரிய தூண்டில் வேண்டுமா? படிப்பின் இடையில் 'ஐந்து நிமிடம்' என்று எடுத்து ஒரு மணி நேரம் கழித்து வைத்தவர்கள் எங்களில் பலர். வைக்கும்போது களைப்பு குறைந்திருந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. ஆசை இருந்தது, சுவை இல்லை.

மதுவும் இந்த வாசல் வழியாகவே நுழைகிறது. இதை எழுதலாமா என்று எங்களுக்குள் விவாதித்தோம். நம் பகுதியைப் பற்றி எழுதும்போது எழுதாமல் விடுவது நேர்மையாகாது என்று தோன்றியது. உலைக்களத்தின் சூட்டில் எட்டு மணி நேரம் நின்றவர் ஷிப்டு முடிந்ததும் கடைக்குப் போவது உடம்பு வலி மறக்கத்தான். முதலில் அது இறுக்கத்தைத் தளர்த்தவும் செய்கிறது. நாளடைவில் வெகுமதி அமைப்பு அந்த அளவுக்குப் பழகி மந்தமாகிறது. இறுக்க அமைப்போ முன்னிலும் கூர்மையாகிறது. பின்பு குடிப்பது மகிழ்வதற்காக அன்று, குடிக்காவிட்டால் வரும் நடுக்கத்துக்கும் பதற்றத்துக்கும் அஞ்சி. 'மனவுறுதி இல்லாதவர்' என்று அவரை எளிதாகத் தள்ளிவிடுகிறோம். மருத்துவம் தேவைப்படும் நோயாளி என்று அறிந்தால், வீட்டில் பேசும் பேச்சும் வேறாக இருக்கும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவர் துணையின்றித் திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

ஆகவே எல்லா வெகுமதியும் ஒன்றல்ல. வேற்றுமை எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு பழைய சோதனை வழிகாட்டுகிறது. நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் என்பவர் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டு எலிகளுக்கு ஒரே அளவில், ஒரே நேரத்தில் மின் அதிர்ச்சி தந்தார். முதல் எலி ஒரு சக்கரத்தைத் திருப்பினால் இரண்டுக்கும் அதிர்ச்சி நிற்கும். இரண்டாவதன் சக்கரத்துக்குப் பயனில்லை. பட்ட துன்பம் இரண்டுக்கும் சமம். இரைப்பைப் புண் மட்டும் இரண்டாவது எலிக்கே மிகுதி. (மனிதரின் இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு பாக்டீரியா காரணம் என்று பின்னாளில் தெரிந்தது, அதைக் கண்டவர்கள் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். வைஸ் கண்ட வேற்றுமை அதனால் பொய்யாகிவிடவில்லை.) தன் கையால் ஏதாவது செய்ய முடிகிறது என்பதே துன்பத்தின் கூரை மழுக்குகிறது. கோலத்தில் புள்ளியைச் சுற்றி வரும் இழை தன் கையில் இருக்கிறது. பிழைத்தால் அழித்துப் போடலாம். முடிந்ததும் கண்முன் தெரிகிறது. கைப்பேசியில் இவற்றுள் ஒன்றும் இல்லை.

இனி மனிதர்க்கு வருவோம். கோவா மாநிலத்தில் சங்கத் என்னும் அமைப்பினர், விக்ரம் படேல் முதலியோர், கடும் மனச்சோர்வுற்றவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஒரு பேச்சு மருத்துவம் தந்து பார்த்தனர். தந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள். அதன் சாரம் எளியது: விட்டுவிட்ட, ஒரு காலத்தில் பிடித்திருந்த, பயனுள்ள சிறு செயல்களை ஒவ்வொன்றாக மறுபடி நாளுக்குள் கொண்டுவருவது. மனம் வந்தபின் செய்வோம் என்று காத்திராமல், செய்யத் தொடங்குவது. மனம் பின்னே வரும். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இதையும் சேர்த்துப் பெற்றவர்கள் மூன்று மாதத்தில் நன்கு தேறியிருந்தனர். 2017-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழ் இதை வெளியிட்டது.

பரீட்சைக்கு முன் நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு அல்லவா? இறுக்கம் மிகுந்த மாதங்களில்தான் பிடித்த சிறு செயல்களை ஒவ்வொன்றாக நாளிலிருந்து எடுத்துவிடுகிறோம். பெற்றோரின் அச்சம் எங்களுக்குப் புரிகிறது. அவர்கள் ஷிப்டு பார்த்துப் பார்த்து ஓய்ந்த கைகளால் எங்களைக் கல்லூரிக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். அரைமணி நேரத்தின் விலை அவர்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்பது படிப்பிலிருந்து விடுதலை அன்று. அந்த அரைமணி நேரம் வீண் செலவு என்ற கணக்கை மட்டும் ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொல்கிறோம்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். கோலமும் பந்தும் எல்லாருக்கும் எல்லாவற்றையும் தீர்த்துவிடா. இரண்டு வாரத்துக்கு மேலாக எதுவும் பிடிக்கவில்லை, தூக்கம் இல்லை, பசி இல்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அது தோழியிடம் சொல்லி அழுவதோடு நிறுத்தக்கூடியது அன்று. வீட்டிலோ பள்ளியிலோ நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை எங்கள் வகுப்பின் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறோம். துப்புரவு செய்யும் அக்கா மற்றதையெல்லாம் அழித்துவிட்டு அதை மட்டும் விட்டுவிடுகிறார்.

எங்கள் தோழி ஆயாவிடம் பேசிப் பார்த்தாள். முழு அரைமணி நேரம் கிடைக்கவில்லை. பத்து நிமிடம் கிடைத்தது. பத்து நிமிடத்தில் பெரிய கோலம் போட முடியாது. இப்போதெல்லாம் ஏழு புள்ளிக் கோலம்தான். மதிப்பெண் கூடியதா என்று கேட்பீர்கள். இயற்பியலில் கூடியது, வேதியியலில் குறைந்தது. ஒரு தேர்வை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று ஆசிரியையே சொல்லிவிட்டார். படிக்க உட்காரும்போது முன்போல் பயமில்லை என்று மட்டும் அவள் சொல்கிறாள்.

இக்கட்டுரையின் முதற்படியை நாங்கள் வகுப்பாசிரியையிடம் தந்தோம். அவர் படித்துவிட்டுக் கணித ஆசிரியையிடம் தந்தார். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கணித ஆசிரியை இருபது நிமிடம் தொகையீடு நடத்தினார். பிறகு புத்தகத்தை மூடி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மணியடிக்கிற வரைக்கும்தான்" என்றார். அலமாரியைத் திறந்தோம். பந்தில் காற்று இறங்கிப் போயிருந்தது. ஒருத்தி காவலர் அண்ணனிடம் சைக்கிள் பம்பு வாங்க ஓடினாள். நாங்கள் வலையைக் கட்டத் தொடங்கினோம்.